மக்கள் உடலில் ஏறும் நஞ்சுக்குக் கணக்கு வேண்டும்

மாரிமழை பிடித்து, கொட்டியாரத்திலும் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பெரும்போக விதைப்பு முடிந்ததும், முதுகிலே தெளிகருவியைச் சுமந்த மனிதர் வரம்புகள்தோறும் நடமாடத் தொடங்குவர். "வயலுக்கு மருந்தடிக்கிறோம்" என்பது எம்மவர் வழக்கு. களையைக் கொல்லும் நஞ்சையும் பூச்சியைக் கொல்லும் நஞ்சையும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பயிருக்கு மருந்தாகும் அப்பொருள், அதைத் தெளிப்பவனுக்கும், அவ்வாய்க்கால் நீரில் குளிக்கும் அவன் பிள்ளைக்கும், அக்கிணற்று நீரை அருந்தும் அவன் தாய்க்கும் என்னவாகிறது? அவர்கள் உடலில் அது எவ்வளவு சேர்கிறது? எந்த வயதினர் அதிகம் தாங்குகின்றனர்? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத்தக்க தொடர்ச்சியான, நாடு தழுவிய, வயதுவாரியான அளவீடு எதுவும் இலங்கையில் இல்லை. இல்லாமையை நாம் பெரிதாக எண்ணுவதுமில்லை. அதனாலேயே இவ்வாரம் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டோம்.

திருகோணமலை மாவட்டம் நெல்வயல் மாத்திரமன்று. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் இங்குளது. அதன் கரையிலே, சீனன்குடாவிலே, பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சி நிற்கின்றன; அவற்றை மீண்டும் முழுமையாகப் பயன்படுத்துவதற்கென 2022 சனவரியில் உடன்படிக்கையும் ஆயிற்று. மாவாலையும் சீமெந்து ஆலையும் துறைமுகத்தை அண்டி இயங்குகின்றன. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று முதலிய கனிமங்கள் செறிந்த மணல் அள்ளப்படுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் மீனே நாளாந்த உணவு. உழவன், துறைமுகத் தொழிலாளி, மீனவன், ஆலையருகே வாழும் குடும்பத்தினர் ஆகிய நால்வகை மக்கள் இம்மாவட்டத்தில் நால்வகை வழிகளில் இரசாயனங்களைச் சந்திக்கின்றனர். எந்த நிறுவனத்தின் மீதும் இங்கே நாம் குற்றஞ்சாட்டவில்லை. அளந்து பாராமல் குற்றஞ்சாட்டுதல் எவ்வாறு தவறோ, அவ்வாறே அளந்து பாராமல் குற்றமில்லை என்று சொல்வதும் தவறு என்பதே எமது வாதம்.

நீரை அளந்தாற் போதுமா?

"கிணற்று நீரைப் பரிசோதிக்கிறோமே, மண்ணைப் பரிசோதிக்கிறோமே" என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நன்று. ஆயினும் நீரில் உள்ளது வேறு, உடலில் உள்ளது வேறு. ஒருவன் உடலில் ஏறும் நஞ்சு நீரால் மட்டும் வருவதன்று. உண்ணும் சோற்றாலும், மீனாலும், மூச்சாலும், தோலாலும் வருவது. ஒவ்வொரு வழியிலும் அளவு சட்டவரம்புக்கு உட்பட்டிருக்க, நான்கும் சேர்ந்து வரம்பை மீறலாம். அந்தக் கூட்டுத்தொகையைக் காட்டுவது குருதியும் சிறுநீரும் மயிரும் நகமுமே.

ஒவ்வொரு பொருளுக்கும் உடல் ஒவ்வொரு விதமாகக் கணக்கு வைக்கிறது. ஈயம் குருதியில் ஒரு மாத அளவே நிற்கும். எலும்பிலோ பல்லாண்டுகள் தங்கும். அங்கு தங்கியது, பெண் கருவுற்ற காலத்திலும் முதுமையில் எலும்பு தேயும் காலத்திலும் மீண்டும் குருதிக்குத் திரும்பும். கட்மியம் சிறுநீரகத்தைச் சென்றடைந்தால் அதிற் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் செல்லும். மீன்வழி வரும் பாதரசத்தை மயிர் பதிந்துவைக்கிறது. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், ஒரு சாண் மயிரைக் கொண்டு ஓராண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை வாசிக்கலாம். இன்றைய கிருமிநாசினிகள் பலவோ சில நாட்களுக்குள் சிறுநீரோடு கழிந்துபோகின்றன. ஆதலால் தெளிக்கும் பருவத்தில் அளக்காமல் வேறொரு மாதத்தில் அளந்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதுவது எளிது.

வயது ஏன் முக்கியம்?

ஊரார் அனைவரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி காண்பது ஆட்சியாளருக்கு வசதியானது. ஆனால் அச்சராசரிக்குள்ளே பிள்ளை மறைந்துபோகிறது.

பிள்ளையின் உடல் சிறியது. தன் நிறைக்கு ஏற்பப் பார்த்தால், வளர்ந்தவனை விட அது அதிக நீரைக் குடிக்கிறது, அதிக காற்றை உள்ளிழுக்கிறது. தரையிலே தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. விழுங்கும் ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கு பங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது என உலக சுகாதார தாபனம் கூறுகிறது. பாதரசத்தின் மெதைல் சேர்வை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சேர்கிறது. தொப்புட்கொடிக் குருதியில் அதன் செறிவு தாயின் குருதியிலுள்ளதை விஞ்சுவதும் உண்டு. தாய் நலமாயிருக்கிறாள், ஆகவே சேயும் நலமே என்ற முடிவு இங்கே பொருந்தாது.

முதியவரின் நிலை வேறு. 1946 முதல் மலேரியாவை ஒழிப்பதற்காக இலங்கையிலே வீடுவீடாக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. அது எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அது உடற்கொழுப்பில் நெடுங்காலம் நிலைக்கும் பொருள். 1970களில் அது கைவிடப்பட்டது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோலும் இந்நாட்டில் நின்றது. இன்று எழுபதைக் கடந்தவர் அவ்விரு காலங்களையும் தம் உடலிற் சுமப்பவர். நாற்பது வயதுக் கமக்காரர் களைநாசினிகளின் காலத்தைச் சுமப்பவர். மூன்று வயதுக் குழந்தை இன்றைய நாளை மட்டும் சுமக்கிறது. எனவே முதியவரிடம் காணும் அளவு சென்றகாலப் பிழையைச் சொல்லும். குழந்தையிடம் காணும் அளவு நேற்றும் இன்றும் நாம் செய்துகொண்டிருக்கும் பிழையைச் சொல்லும். இரண்டையும் கலந்து ஓர் எண்ணாக்கினால் எதுவும் விளங்காது.

பிறநாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவில் நாடு தழுவிய ஆய்வொன்றில் மக்களின் குருதி ஈயத்தை அளந்து வந்தனர். 1 முதல் 74 வயது வரையானோரின் சராசரி, 1976–80 காலத்தில் ஒரு டெசிலீற்றர் குருதிக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்தது. 1988–91 காலத்தில் 2.8 ஆக வீழ்ந்தது. பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கியதன் பயன் மக்கள் உடலிலேயே எழுதப்பட்டிருப்பதை யாவரும் கண்டனர். 2001இல் 27 பொருள்களுக்கு வெளியான அந்நாட்டின் முதல் அறிக்கை, பின்னர் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு விரிந்தது. ஈயத்தின் அளவு 1–5, 6–11, 12–19, 20க்கு மேல் என வயதுவாரியாகப் பிரித்தே அங்கு பதியப்படுகிறது. பொருள்வளம் மிக்க நாட்டின் செயல் என்று இதனை ஒதுக்கிவிடலாமா?

அயலிலேயே ஒரு சான்று உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது இருபதாண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் ஆகாயத்திலிருந்து தெளிக்கப்பட்டது. மக்கள் முறையிட்டனர், முறைப்பாடு கதையென ஒதுக்கப்பட்டது. பின்னர் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார், 10 முதல் 19 வயதான 117 பாடசாலைப் பையன்களையும், தெளிக்கப்படாத வேறோரிடத்தின் 90 பையன்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தெளிக்கப்பட்ட ஊர்ப் பையன்களின் குருதியில் அந்நஞ்சு மிகுந்திருந்தது. அவர்கள் பருவமடைதல் தாமதித்திருந்தமையும் தெரிந்தது. ஆய்வு 2003இல் வெளியாயிற்று. 2017 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 இலட்சம் ரூபா வழங்குமாறு கேரள அரசைப் பணித்தது. குறித்த வயதினரைக் குறித்த ஒப்பீட்டோடு அளந்தமையே அவ்வூராரின் குரலுக்கு ஆதாரமாயிற்று.

எமது எல்லைக்குள்ளேயே

தொலைவில் உள்ளதை ஏன் சொல்கிறோம்? திருகோணமலை மாவட்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள பதவிசிறிபுர, காரணம் தெளியாத சிறுநீரக நோயால் வாடும் பிரதேசங்களுள் ஒன்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த இடங்களிலும் இந்நோய் கமக்காரக் குடும்பங்களைச் சூறையாடி வருகிறது. நீரிழிவும் இல்லாமல், உயர்குருதியமுக்கமும் இல்லாமல், உழைக்கும் வயதில் சிறுநீரகம் செயலிழக்கிறது.

உலக சுகாதார தாபனத்தின் துணையோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாகின. அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் 15 முதல் 70 வயது வரையான 4,957 பேர் ஆராயப்பட்டனர். வயதைச் சீராக்கிப் பார்த்தபோது, நோய் பெண்களில் 16.9 வீதமாகவும் ஆண்களில் 12.9 வீதமாகவும் இருந்தது. முற்றிய நிலையோ ஆண்களிடமே மிகுந்திருந்தது. 39 வயதுக்கு மேல் ஆபத்துக் கூடியது. நோயாளரின் சிறுநீரில் கட்மியம் சராசரி 1.039 அளவாகவும், அதே பிரதேசத்து நோயற்றோரில் 0.646 அளவாகவும் காணப்பட்டது. கிருமிநாசினி எச்சங்களுக்காகப் பரிசோதிக்கப்பட்ட நோயாளர் 57 பேர் மட்டுமே, அவர்களுள் 31.6 வீதத்தினரிடம் எச்சங்கள் ஒப்பீட்டு அளவை மீறியிருந்தன.

அவ்வாய்வைச் செய்தோரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் செய்தது பெரும்பணி. ஆயினும் இரண்டைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று, 15 வயதுக்குட்பட்டோர் அக்கணக்கில் இல்லை. மற்றொன்று, திருகோணமலை மாவட்டம் அக்கணக்கில் இல்லை. காரணத்தைப் பற்றி அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. கட்மியமும் ஆசனிக்கும் என்பார் சிலர். கிருமிநாசினி என்பார் சிலர். நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் என்பார் சிலர். வெயிலில் நீரின்றி உழைத்தலே என்பார் வேறு சிலர். நோய் முற்றியபின் அளப்பதால் வரும் குழப்பமும் இதில் ஒரு பகுதியே. சிறுநீரகம் கெட்டபின் சிறுநீரில் காணும் பொருள் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற ஐயம் எழும். நோய் தொடங்கும் முன்னரே, இளவயதிலிருந்தே அளந்து வந்திருந்தால் அவ்வையம் பெருமளவு தீர்ந்திருக்கும்.

பதவிசிறிபுரவில் வாழ்வோர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். அங்குள்ள நிலப் பங்கீடு பற்றிய வழக்கு வேறு. அதனை அதற்குரிய மன்றத்தில் வாதாடுவோம். அம்மக்களின் நோயை அதனோடு கலந்து பேசுதல் மனிதப் பண்புக்கு அடுத்ததன்று, அறிவுக்கும் பொருந்தாது. சிறுநீரகம் மொழி பார்த்துப் பழுதாவதில்லை. கந்தளாய்ச் சந்தைக்கு வரும் களைநாசினிப் போத்தல் சிங்களவர் வயலுக்கும் தமிழர் வயலுக்கும் முஸ்லிம்கள் வயலுக்கும் ஒன்றேதான்.

தடையும் தளர்வும்

அளவு இல்லாத இடத்தில் ஆட்சி எவ்வாறு நடக்கிறது என்பதைப் பாருங்கள். 2015இல் கிளைபோசேட் களைநாசினி நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. விளைச்சல் வீழ்ந்து கமக்காரர் நிலைகுலைந்தபின் அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீங்கியது. 2022இல் கிளைபோசேட்டும் திரும்பி வந்தது. தடை விதிக்கும்போது மக்கள் உடலில் அப்பொருள் எவ்வளவு இருந்தது? தடையினால் எவ்வளவு குறைந்தது? தடை நீங்கியபின் எவ்வளவு ஏறியது? ஒவ்வொரு முறையும் இழப்பைச் சுமந்தவன் கமக்காரன். அந்த இழப்புக்கு ஈடாக அவன் பிள்ளைக்கு நலம் விளைந்ததா என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

இதே நாட்டில் கணக்கு வைத்துச் செய்த காரியம் ஒன்று பயன் தந்ததையும் மறக்கலாகாது. தற்கொலை மரணங்கள் எண்ணப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி கிருமிநாசினியால் நேர்வன என்பது தெரிந்தது. 1995அளவில் மிகக் கொடிய நஞ்சுகளும் 1998இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. இலட்சத்துக்கு 47 என்ற அளவிலிருந்த தற்கொலை வீதம் 2005இல் பாதியளவாயிற்று. திடீரென்று கொல்லும் நஞ்சை எண்ணத் தெரிந்த நாட்டுக்கு, மெல்லக் கொல்லும் நஞ்சை எண்ண முடியாதா?

சட்டத்தின் கண்

சட்டம் பயின்றோர் நன்கறிவர்: மாசு வழக்குகளில் வழக்காளி தோற்பது பெரும்பாலும் "முன்பு எவ்வளவு இருந்தது?" என்ற கேள்வியிலேதான். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்பிரில் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நிலைநாட்டப்பட்டது. அவ்வழக்குக்கு ஆதாரமாய் நின்றது கிணற்று நீரின் அளவு. அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளையின் உடலில் என்ன சேர்ந்தது என்பதற்கு அத்தகைய அளவு இருந்திருப்பின், ஈட்டின் கணக்கே வேறாயிருக்கக்கூடும்.

சம்பூரை நினைத்துப் பாருங்கள். அங்கே நிறுவவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டத்தை 2016இல் அரசாங்கம் கைவிட்டது. 2025 ஏப்பிரிலில் சூரிய மின்நிலையப் பணி அங்கு தொடக்கிவைக்கப்பட்டது. நல்லதே. ஆனால் நிலக்கரி நிலையம் எழுந்திருந்தால், அதன் சாம்பலும் பாதரசமும் மூதூர்ப் பிள்ளைகளின் உடலில் ஏற்றிய அளவை எதனோடு ஒப்பிட்டு நிரூபித்திருப்போம்? நாளை துறைமுகத்தை அண்டி எந்தத் தொழில் வரினும் இதே கேள்வி எழும். தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; எமது இளைஞருக்கு வேலை வேண்டும். ஆயின் தொழில் வருமுன் மக்கள் உடலின் நிலை பதியப்படல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ்ச் செய்யப்படும் தாக்க மதிப்பீடுகளில் மரத்தையும் மீனையும் நீரையும் எண்ணுகிறோம். மனிதனையும் எண்ணுவோம்.

நாம் கேட்பது

செலவைக் காட்டி மறுப்பர். ஆதலால் ஏற்கெனவே உள்ள ஒழுங்குகளைக் கொண்டே செய்யத்தக்கதொன்றைச் சொல்கிறோம். பிரசவம் வைத்தியசாலையில் நடக்கிறது. அங்கு தொப்புட்கொடிக் குருதியிற் சில துளிகள் பெறலாம். குழந்தைகளைக் குடும்பநல மாது அறிவார். பாடசாலை மாணவர்க்கு வைத்திய பரிசோதனை நடக்கிறது. நடுவயதினர்க்குச் சுகவாழ்வு நிலையங்கள் உள. முதியோர் மாதாந்தச் சிகிச்சைக்கு வருகின்றனர். இவ்வைந்து வாயில்களிலும், வயல்சார் ஊர், துறைமுக ஊர், மீனவர் ஊர், இவற்றினின்றும் விலகிய ஒப்பீட்டு ஊர் என நான்கு வகை ஊர்களில், தெளிக்கும் பருவத்திலும் தெளிக்காப் பருவத்திலும் மாதிரிகள் எடுக்கப்படட்டும். எல்லாரையும் அளக்க வேண்டியதில்லை. முறையாகத் தெரிந்தெடுத்த சிலநூறு பேர் போதும். கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் திருகோணமலை வளாகமும் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து தொடங்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மீண்டும் நடக்கட்டும்.

ஆயினும் நிபந்தனைகள் உண்டு. சம்மதமின்றி ஒரு துளியும் எடுத்தலாகாது. பிள்ளைக்காகப் பெற்றோர் விளங்கிச் சம்மதித்தல் வேண்டும். முடிவு அவரவர்க்கு அவரவர் மொழியில் எழுத்தில் கிடைத்தல் வேண்டும். வரம்பு மீறியோர்க்குச் சிகிச்சை வழி காட்டப்படல் வேண்டும். நோயைச் சொல்லி வழியைச் சொல்லாமல் விடுவது கொடுமை. பெயர்கள் இரகசியமாகக் காக்கப்படல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவுக்குத் தனிக்காப்பு வகுத்துள்ளது. ஊர்வாரியான தொகுப்பு எண்களோ மூடிவைக்கப்படலாகாது; 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தைக் கொண்டு அவற்றைக் கேட்கும் நிலைக்கு மக்களைத் தள்ளாமல், தாமாகவே வெளியிடல் வேண்டும்.

"ஊரின் பெயர் கெடும், நெல் விலை போகாது, பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாது" என்று அஞ்சும் கமக்காரர் உளர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. பதவியாப் பக்கத்து மக்கள் அத்துன்பத்தையும் அனுபவித்தவரே. ஆனால் அங்கே பெயரைக் கெடுத்தது அளவன்று. நோய் முற்றிச் சவங்கள் விழுந்தபின் பரவிய வதந்தியே பெயரைக் கெடுத்தது. உண்மை எண் கையிலுள்ள ஊர், தன் நெல் நல்லதென்று துணிந்து சொல்லவும் முடியும்.

2000ஆம் ஆண்டில் நாட்டுச் சனத்தொகைச் சுகாதார ஆய்வு நடந்தபோது, போரைக் காரணங்காட்டி வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. எமது தாய்மாரும் பிள்ளைகளும் அன்று எண்ணில் இல்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றன. இனியும் எம்மை எவரேனும் எண்ணுவார் என்று காத்திருத்தல் தகாது. வைத்தியர்களே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, உங்கள் சங்கக் கூட்டங்களில் இதனைப் பிரேரணையாக்குங்கள். கமக்காரர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இதனை எழுப்பட்டும். பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் தெருவுக்கும் பாலத்துக்கும் பணம் கேட்கும்போது, இதற்கும் ஒரு தொகை கேட்கட்டும்.

விதைநெல்லை எண்ணி எடுத்துவைக்கும் கமக்காரனுக்குக் கணக்கின் அருமையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த போகத்துக்கு வேண்டிய நெல்லை அளந்து கட்டும் அவன், அடுத்த தலைமுறையின் உடலையும் அளந்து தருமாறு அரசைக் கேட்கட்டும். அக்கோரிக்கை எழும் நாளில், அவனோடு நாமும் கச்சேரி வாசலில் நிற்போம்.